அந்த 10 விநாடிகள்

வானொலியில் வேலை செய்கிறவர்களுக்குப் பேய் பிசாசைவிட, ஏன், மேலதிகாரியைவிடவும் பயம் தருவது ஒன்று உண்டு. மௌனம். ‘டெட் ஏர்’ என்று சொல்வோம். பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பேசத் தொடங்குவதற்குள் 3 விநாடி இடைவெளி விழுந்தாலே, கேட்கிறவரின் கை வேறு அலைவரிசைக்குப் போய்விடும். காரில் இருப்பவர்கள் இன்னும் வேகம்.

அதனால் வானொலி நிலையங்களில் மௌனத்துக்கென்றே ஒரு காவல்காரன் இருப்பான். மனிதன் இல்லை, கருவி. ஒலிபரப்பாகும் சத்தத்தை 24 மணி நேரமும் கேட்டுக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட விநாடிகளுக்குமேல் சத்தமே இல்லையென்றால், உள்ளே ஏதோ கோளாறு என்று தானே முடிவு செய்து, தயாராக வைத்திருக்கும் பாட்டை ஓடவிட்டுவிடும். நல்ல கருவிதான். நள்ளிரவில் கணினி நின்றுபோன சமயங்களில் எங்கள் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

ஒரு நாள் காலையில் அதே கருவி எங்கள் மானத்தை வாங்கியது. அதில் என் பங்கு என்ன என்று சொல்ல எனக்குச் சில ஆண்டுகள் தேவைப்பட்டன. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. கணினிக்கு ஒரு வேலையைச் சொல்வதற்கு முன்னால், நாம் சொல்ல வருவது என்ன என்பதை எழுதிப் பார்ப்பதற்கென்றே சில மொழிகள் இருக்கின்றன என்று நான் கற்றுக்கொண்டதைப் பற்றியும்தான்.

எங்கள் நிலையத்தில் காலை நிகழ்ச்சிக்கு முன்னால் மரண அறிவித்தல்கள் போகும். இறந்தவர் பெயர், ஊர், பிள்ளைகள் பெயர், இறுதிச் சடங்கு நேரம். பெரும்பாலும் நான்தான் படித்துப் பதிவு செய்வேன். அறிவித்தல் முடிந்ததும் 5 விநாடி மௌனம், பிறகு வீணை இசை, அதன்பின் நிகழ்ச்சி. நான் சேருவதற்கு முன்பிருந்தே அதுதான் வழக்கம். எனக்கு அந்த 5 விநாடி போதவில்லை. என் தாத்தா தவறியபோது வேறொரு நிலையத்தில் அவருடைய அறிவித்தல் முடிந்த கையோடு சோப்பு விளம்பரம் ஒன்று குதித்து வந்தது. பாட்டி வானொலியை அணைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஒலிபரப்பு மென்பொருளைப் பார்த்துக்கொண்டவர் ஒரு தம்பி. கணினித் துறையில் படித்து முடித்து, 6 மாத ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தார். ஒரு மாலை அவருக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்பினேன்: “தம்பி, மரண அறிவித்தலுக்கு அப்புறம் மௌனத்தைக் கொஞ்சம் கூட்டிடுங்க. 10 செகண்ட். தேங்க்ஸ்.” கூடவே ஒரு கைகூப்பும் படம்.

அவர் கூட்டினார். மறுநாள் காலை ஒரு பெரியவரின் அறிவித்தல் போனது. என் குரல் முடிந்தது. மௌனம் தொடங்கியது. 8 விநாடி ஆனதும், தாரை தப்பட்டையோடு ஒரு குத்துப்பாட்டு நாடு முழுக்க அலறியது.

காவல்காரக் கருவியைப் பல ஆண்டுகளுக்கு முன்பே 8 விநாடிக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியாது. தம்பிக்கும் தெரியாது. தெரிந்தவர் பொறியியல் பிரிவில் இருந்தார். நான் மௌனத்தைக் கூட்டச் சொன்னது அவருக்குத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் தொலைபேசி வந்தது. இறந்தவரின் மகள். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. “வீட்டுல எல்லாரும் உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தோம்மா. அப்பா சத்தமே விரும்பாதவரு” என்று மட்டும் சொன்னார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

அன்று மதியம் கூட்டம் நடந்தது. மேசையைச் சுற்றி 7 பேர். விசாரித்து, பேசி, கடைசியில் அறிக்கையில் ‘மென்பொருள் கோளாறு’ என்று எழுதினார்கள். மென்பொருள் என்றால் தம்பி. அவர் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் என் குறிப்பேட்டைப் பார்த்தேன். அந்த 10 என்னுடைய 10 என்று சொல்ல எனக்கு 2 விநாடிகூட ஆகியிருக்காது. சொல்லவில்லை. தம்பிக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை. அஞ்சலி மௌனத்தை அடியோடு எடுத்துவிட்டார்கள். பிரச்சினை தீர்ந்தது என்றார்கள்.

பினாங்கில் ஒரு தே தாரிக்

சில ஆண்டுகள் கழித்து, தைப்பூச நேரலைக்காகப் பினாங்கு போகவேண்டியிருந்தது. தண்ணீர்மலையிலிருந்து நான் பேசப்போவதாக நிலையத்தில் முன்னோட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுவிட்டு ஒரு செய்தி வந்தது: “அக்கா, பினாங்கு வர்றீங்களாமே. டைம் இருந்தா சொல்லுங்க.” அந்தத் தம்பிதான்.

தைப்பூசத்துக்கு 2 நாள் முன்பு பாயான் லெப்பாஸில் ஒரு மாமாக் கடையில் சந்தித்தோம். அவர் இப்போது அங்குள்ள ஒரு தொழிற்சாலையில், சிப் வடிவமைப்பைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை செய்கிறார். 1970களிலிருந்தே மின்னணுத் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர் அது என்பது நமக்கெல்லாம் தெரியும். ஆனால் ‘சரிபார்ப்பது’ என்று தனியாக ஒரு வேலை இருப்பது எனக்குத் தெரியாது.

“சிப் ஒண்ணை அச்சடிச்சு முடிச்சாச்சுன்னா அப்புறம் திருத்த முடியாது அக்கா” என்றார். “நம்ம நிகழ்ச்சி மாதிரி நாளைக்கு மன்னிப்புக் கேட்டுட்டுத் திரும்பப் போட முடியாது. அதனால முதல்லயே எழுதிப் பார்க்கணும்.”

சிப்பை விவரிக்க வெரிலாக், விஎச்டிஎல் என்ற மொழிகள் இருக்கின்றன. இரண்டும் 1980களில் பிறந்தவை. பொறியாளர் சுற்றுகளைக் கையால் வரைவதற்குப் பதிலாக, ‘இந்தக் கம்பியில் இது வந்தால் அந்தக் கம்பியில் அது போக வேண்டும்’ என்று எழுதுவார். அதை ஓட்டிப் பார்க்கவும், தவறு தேடவும் தனி மென்பொருள்கள் உண்டு. ஏன் இவ்வளவு கவனம் என்றால், 1994ல் நடந்ததைச் சொல்கிறார்கள். இண்டெல் நிறுவனத்தின் பெண்டியம் சிப், சில எண்களை வகுக்கும்போது தசமத்தில் தவறு செய்தது. உள்ளே இருந்த ஓர் அட்டவணையில் சில இடங்கள் விடுபட்டுப் போயிருந்தன. அமெரிக்காவில் ஒரு கணிதப் பேராசிரியர் தன் ஆராய்ச்சிக் கணக்கில் அதைக் கண்டுபிடித்தார். சிப்பை மாற்றித் தர இண்டெல் ஒதுக்கிய தொகை 47.5 கோடி அமெரிக்க டாலர். அதன் பிறகுதான் வடிவமைப்பைக் கணித முறையில் நிரூபித்துப் பார்க்கும் வேலையில் அந்த நிறுவனம் பெரிய அளவில் இறங்கியது.

நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். “நம்ம விஷயத்துல யார் மேல தப்பு?”

அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, “யாரும் தப்புப் பண்ணல அக்கா, அதுதான் பிரச்சினையே” என்றார். “நீங்க கேட்டது சரி. நான் செஞ்சது சரி. அந்தக் கருவி செஞ்சதும் சரி. மூணு சரியைச் சேர்த்தா ஒரு தப்பு வந்துச்சு. மூணையும் ஒரே தாள்ல யாரும் எழுதிப் பார்க்கல.”

அந்தப் பொத்தானை அழுத்தினால்?

பிறகு அவர் எனக்கு ஒரு கதை சொன்னார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். உண்மைக் கதை.

1980களின் தொடக்கத்தில், இஸ்ரேலில் ஒரு போர் விமானத்தை வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். டேவிட் ஹாரெல் என்ற கணினி அறிஞரை ஆலோசகராக அழைத்தார்கள். விமானத்துக்குள் இருக்கும் கணினி அமைப்பு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தடித் தடியாக ஆவணங்கள் இருந்தன. ரேடார் பிரிவு தன் பாணியில் எழுதியிருந்தது. தொடர்புப் பிரிவு இன்னொரு பாணி. மென்பொருள் பிரிவு வேறொரு பாணி. எல்லாரும் கெட்டிக்காரர்கள். ஆனால் ‘விமானி இந்த நிலையில் இருக்கும்போது இந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும்?’ என்று ஹாரெல் கேட்டபோது, ஆவணத்தில் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு மாதிரி எழுதியிருந்தது. சில கேள்விகளுக்கு விடையே இல்லை.

அவர்களோடு உட்கார்ந்து பேசிப் பேசி அவர் படம் போடத் தொடங்கினார். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கட்டம். ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு அம்பு. கட்டத்துக்குள் கட்டம். அதுவே ‘ஸ்டேட்சார்ட்’ என்ற வரைபட மொழியானது. 1987ல் அதைப் பற்றிய அவருடைய கட்டுரை வெளியானது. கல்லூரியில் யுஎம்எல் பாடத்துக்காகக் கட்டமும் அம்பும் வரைந்து நொந்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், அதில் வரும் நிலைப்படம் ஹாரெலின் பிள்ளைதான்.

கதையைக் கேட்டதும் எங்கள் மதியக் கூட்டம் நினைவுக்கு வந்தது. ‘அறிவித்தல் முடிந்து, மௌனம் ஓடிக்கொண்டிருக்கும்போது காவல்காரன் விழித்தால் என்ன நடக்கும்?’ இந்த ஒரு கேள்வியை முந்தின நாள் யாராவது கேட்டிருந்தால் போதும்.

தமிழ் எங்கள் தொழில். ஒரே வரிக்கு இரண்டு பொருள் வந்தால் வானொலிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். காளமேகப் புலவரின் சிலேடைகளை வைத்து நான் எத்தனையோ நிகழ்ச்சிகளை ஓட்டியிருக்கிறேன். ஆனால் கணினிக்குச் சிலேடை ஆகாது. ‘மௌனம்’ என்ற ஒரே சொல் எனக்கு அஞ்சலி, கருவிக்குக் கோளாறு. இரண்டும் ஒலியலையில் ஒன்றுபோலவே இருக்கும். நேராக ஒரு கோடு.

கணக்கில் எழுதிய அஞ்சலி

தம்பி தன் மடிக்கணினியைத் திறந்தார். வேலையில் அவர் புழங்குவது சிப்புக்கான மொழிகள். ஆனால் எங்கள் நிலையத்தை விட்டுப் போனபின், சொந்த ஆர்வத்தில் இன்னொன்றைக் கற்றிருக்கிறார். டிஎல்ஏ பிளஸ் என்று பெயர். உருவாக்கியவர் அமெரிக்கக் கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட். கணினித் துறையின் மிகப் பெரிய விருதான டூரிங் விருதை 2013ஆம் ஆண்டுக்குப் பெற்றவர். பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்ய லேட்டெக் பயன்படுத்தியவர்கள் இருப்பீர்கள். அதையும் உருவாக்கியவர் இவரே.

லாம்போர்ட் சொல்வது எளிமையான விஷயம். வீடு கட்டும் முன் வரைபடம் போடுகிறோம். ஒரு செங்கல் வைக்கும் முன், கதவு எங்கே, குழாய் எங்கே என்று தாளில் தீர்மானிக்கிறோம். மென்பொருளில் மட்டும் ஏன் நேரே செங்கல் அடுக்கத் தொடங்குகிறோம்? அந்த வரைபடத்துக்கான மொழிதான் டிஎல்ஏ பிளஸ். அதில் நிரல் எழுதுவதில்லை. பள்ளியில் படித்த கணங்களும் தருக்கமும்தான். இரண்டு சாய்கோடுகள் கூரை போலச் சேர்ந்தால் ‘மேலும்’. கூரையைக் கவிழ்த்தால் ‘அல்லது’. ஒரு பெயருக்குப் பக்கத்தில் மேலே சிறு கோடு போட்டால், ‘அடுத்த கணத்தில் அதன் மதிப்பு’.

எங்கள் ஒலிபரப்பை அவர் ஒரு பக்கத்துக்குள் எழுதினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினார்.

முதலில், உலகத்தில் என்னென்ன இருக்கின்றன? ஒலிபரப்பில் இப்போது என்ன கேட்கிறது: பேச்சா, மௌனமா, பாட்டா. நாம் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம்: அறிவித்தலா, அஞ்சலியா, நிகழ்ச்சியா. மௌனம் எத்தனை விநாடி ஓடியிருக்கிறது. அவ்வளவுதான்.

அடுத்து, என்னென்ன நடக்கலாம்? அறிவித்தல் முடியலாம். ஒரு விநாடி கழியலாம். 10 விநாடி ஆனால் வீணை தொடங்கலாம். மௌனம் 8 விநாடி ஆனால் காவல்காரன் பாட்டுப் போடலாம்.

கடைசியாக, என்ன நடக்கவே கூடாது? இதற்கு அவர் என்னைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க அக்கா.” சொன்னேன்: “அஞ்சலி நேரத்தில் குத்துப்பாட்டு கேட்கக் கூடாது.” அதையும் ஒரு வரியாக எழுதினார்.

ஒரு பொத்தானை அழுத்தினார். டிஎல்ஏ பிளஸோடு வரும் சோதனைக் கருவி, நாம் எழுதிய விதிகளின்படி அந்தச் சின்ன உலகம் போகக்கூடிய எல்லா வழிகளிலும் போய்ப் பார்க்கும். ஒரு வழி விடாது. தவறான இடத்துக்கு ஒரு வழி இருந்தால், அங்கே போய்ச் சேரும் படிகளை வரிசையாகக் காட்டும். நான் தே தாரிக்கைக் கையில் எடுப்பதற்குள் திரையில் சிவப்பு எழுத்து வந்துவிட்டது. மொத்தம் 11 நிலைகள். 1: பேச்சு. 2: அறிவித்தல் முடிந்தது, மௌனம் 0. அப்புறம் 1, 2, 3 என்று ஒவ்வொரு விநாடியாக 8 வரை. 11ஆவது வரி: பாட்டு.

அந்தக் காலை அப்படியே திரையில் இருந்தது. யார் பெயரும் இல்லாமல். எனக்குத் தொண்டை அடைத்தது.

திருத்தத்திலும் ஒரு ஓட்டை

“சரி, அஞ்சலி நேரத்துல காவல்காரனைத் தூங்க வச்சிட்டா?” என்றேன். உண்மையில் கூட்டத்தில் ஒருவர் சொன்ன யோசனை அது.

அவர் சிரித்தார். “எழுதிப் பார்ப்போம்.” கூடவே நிஜ வாழ்க்கையில் நடக்கிற இன்னொன்றையும் சேர்த்தார்: எந்தக் கணத்திலும் ஒலிபரப்புக் கணினி நின்றுபோகலாம். பிறகு இரண்டாவது விதி ஒன்றும் எழுதினார்: மௌனம் தொடங்கினால், எப்படியும் ஒரு கட்டத்தில் சத்தம் திரும்பி வந்தே ஆகவேண்டும்.

மறுபடி சிவப்பு. அஞ்சலி தொடங்குகிறது, காவல்காரன் தூங்குகிறான், 3ஆவது விநாடியில் கணினி நிற்கிறது. காவல்காரனை எழுப்ப வேண்டியதும் அதே கணினிதான். யாரும் எழுப்பவில்லை. மௌனம் முடிவில்லாமல் நீள்கிறது. அந்த யோசனையை அன்றைக்கே செயல்படுத்தியிருந்தால், என்றாவது ஒரு விடியலில் நிலையமே ஊமையாகியிருக்கும். அப்போதும் அறிக்கையில் யாருடைய பெயராவது இருந்திருக்கும்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. இது கணினிக்காரர் யோசனை இல்லை, வானொலிக்காரியின் யோசனை. “தம்பி, முழு மௌனம் எதுக்கு? தம்புரா வச்சா என்ன? மெதுவா, சுருதி மட்டும். கேட்கிறவங்களுக்கு அதுவும் அஞ்சலிதான். கருவிக்கு அது சத்தம்.”

அவர் எழுதினார். அஞ்சலியின்போது ஒலி தம்புரா. கணினி நின்றுபோனால் தம்புராவும் நிற்கும், அப்போது காவல்காரன் தன் வேலையைப் பார்ப்பான். கூடவே, காவல்காரன் போடும் பாட்டைக் குத்துப்பாட்டிலிருந்து வாத்திய இசைக்கு மாற்றினோம். எல்லா வழியும் தேடி முடித்து, பிழை இல்லை என்றது.

இதை மந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த வீட்டுப் பெரியவர் சத்தம் விரும்பாதவர் என்பதை எந்த மொழியும் நமக்குச் சொல்லித் தராது. நாம் யோசிக்க மறந்ததை அதுவும் சோதிக்காது. வரைபடம் சரியாக இருந்தாலும் கொத்தனார் தவறலாம், அதாவது நிரல் எழுதுகிறவர் தவறலாம். நேரமும் பிடிக்கும். “எல்லாத்துக்கும் இதைப் போட்டா வேலை நடக்காது லா அக்கா” என்று தம்பியே சொன்னார். பல பேர், பல கருவிகள், ஒரே நேரத்தில் இயங்கும் இடத்தில்தான் இதன் அருமை தெரியும்.

அப்படிப்பட்ட இடங்களில் உண்மையாகவே பயன்படுத்துகிறார்கள். அமேசான் நிறுவனத்தின் பொறியாளர்கள் 2011 முதல் டிஎல்ஏ பிளஸைப் பயன்படுத்திய அனுபவத்தை 2015ல் எழுதினார்கள். அவர்களுடைய தரவுக் களஞ்சியம் ஒன்றில், தகவல் தொலைந்துபோகக்கூடிய ஒரு பிழை இருந்தது. வடிவமைப்புக் கூட்டங்களைத் தாண்டி, நிரல் பரிசோதனையைத் தாண்டி, சோதனை ஓட்டங்களையும் தாண்டி ஒளிந்திருந்தது. அந்தப் பிழைக்குப் போகும் மிகக் குறுகிய வழிக்கே 35 படிகள். எந்த மனிதர் உட்கார்ந்து 35 படி தள்ளி யோசிப்பார்? எங்களுக்கு 11 படியே தெரியவில்லை.

நம் ஊர் கெலானா ஜெயா எல்ஆர்டி 1998ல் ஓடத் தொடங்கியது, ஓட்டுநர் இல்லாமல். பிள்ளைகள் முன் கண்ணாடிக்கு அருகே இடம் பிடித்துத் தாங்களே ஓட்டுவதுபோல நிற்பார்கள். அதே 1998ல் பாரிஸ் நகரிலும் ஓட்டுநர் இல்லாத 14ஆம் எண் தடம் திறந்தது. அந்தத் தடத்தின் பாதுகாப்பு மென்பொருளை ‘பி’ என்ற மொழியில் எழுதினார்கள். பிரெஞ்சு அறிஞர் ழான் ரேமோன் அப்ரியால் உருவாக்கிய முறை அது. முதலில் ‘என்ன நடக்க வேண்டும்’ என்பதைக் கணிதத்தில் எழுதி, அதைப் படிப்படியாக நிரலாக மாற்றி, ஒவ்வொரு படியிலும் முந்தையதை மீறவில்லை என்று நிரூபித்துக்கொண்டே போனார்கள். ஓட்டுநர் இருக்கையில் ஆள் இல்லாதபோது, அந்த ஆள் செய்திருக்கக்கூடிய நிதானத்தை யாராவது முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும் அல்லவா?

நடக்கக் கூடாதது, நடந்தே தீர வேண்டியது

அன்று மாமாக் கடையில் நான் கற்றதில் என்னோடு தங்கிவிட்டது ஒன்றுதான். லாம்போர்ட் 1977லேயே இரண்டு வகை விதிகளைப் பிரித்துப் பேசினாராம். ஒன்று, கெட்டது எதுவும் எப்போதும் நடக்கக் கூடாது. இன்னொன்று, நல்லது ஒருநாள் நடந்தே தீர வேண்டும். ஒரு கணினி அமைப்புக்கு இரண்டும் வேண்டும். முதலாவது மட்டும் போதுமென்றால், எதையுமே செய்யாமல் சும்மா இருக்கும் அமைப்புதான் உலகிலேயே சிறந்த அமைப்பு. அது எந்தத் தவறும் செய்யாது. எந்த நல்லதும் செய்யாது.

அதைக் கேட்டபோது, அஞ்சலியை அடியோடு எடுத்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று நாங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. கூடவே, குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததும்.

“தம்பி, அன்னைக்கு மீட்டிங்ல நான் பேசியிருக்கணும். அந்த 10 செகண்ட் நான் கேட்டது. மன்னிச்சிடுங்க.”

“தெரியுமே அக்கா. உங்க மெசேஜ் என்கிட்டதானே இருந்துச்சு.”

“அப்ப ஏன் காட்டல?”

கொஞ்சம் யோசித்தார். “கோபம் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா காட்டியிருந்தா என் பேரை அடிச்சிட்டு உங்க பேரை எழுதியிருப்பாங்க. பிழை அங்கேயேதான் இருந்திருக்கும்.”

தைப்பூச நேரலை முடிந்து கோலாலம்பூர் திரும்பியதும் இரண்டு காரியம் செய்தேன். நிலைய நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்தக் காலையில் என்ன நடந்தது, யார் எதைக் கேட்டார்கள், எப்படி இரண்டு சரியான விஷயங்கள் மோதின என்று ஒரு பக்கத்தில் எழுதி, பழைய அறிக்கையோடு சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார்கள். தம்பிக்கு அதனால் இப்போது லாபம் ஒன்றுமில்லை. ஆனால் அவர் பெயர் அந்தக் கோப்பில் தனியாக இல்லை. தம்புரா யோசனையையும் பொறியியல் பிரிவோடு உட்கார்ந்து பேசினேன். அவர்களுடைய 8 விநாடி எங்கே எழுதியிருக்கிறது என்று அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

இன்னொன்று, ஒரு பழக்கம். யாரிடம் எந்த வேலை கேட்டாலும் இப்போது 3 வரி எழுதுகிறேன். என்ன வேண்டும். என்ன நடக்கவே கூடாது. இதை மாற்றினால் வேறு யாருக்குத் தெரிய வேண்டும். மூன்றாவது வரியை எழுதும்போது பெரும்பாலும் எழுந்து போய் ஒருவரைக் கேட்க வேண்டியிருக்கிறது. வீட்டிலும் உதவுகிறது. “சீக்கிரம் வா” என்றால் என் கணவருக்கு 9 மணி, எனக்கு 7 மணி. இப்போது மணியைச் சொல்லிவிடுகிறோம்.

அறிவித்தல் பதிவேட்டில் அந்த மகளின் எண் இருந்தது. அதற்கு அழைக்கத்தான் அதிக நாள் ஆனது. ஒரு மாலை அழைத்துச் சொன்னேன். எதனால் நடந்தது, யாரால் நடந்தது, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று. முடியும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அப்பாவுக்குத் திதி வருதும்மா” என்றார் பிறகு. “நினைவஞ்சலி ஒண்ணு கொடுக்கணும்னு தம்பிங்க சொல்லிக்கிட்டு இருந்தாங்க. நீங்களே படிங்க.”

படித்தேன். பெயர், ஊர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். முடித்துவிட்டு ஒலிவாங்கியை அணைத்தேன். தம்புரா 10 விநாடி ஒலித்தது. பிறகு வீணை வந்தது.